உங்களுக்குத் தெரியுமா? பிரஷர் மாத்திரையும் எலியின் ரத்தக்குழாயும்

பனியன் கம்பெனி வேன் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் நேரத்தில் கணியூர் மருந்துக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

"ஏனுங்ணா, போன வாரம் பார்த்தப்ப பிரஷர் எறங்கிருச்சுன்னாங்க. இனி மாத்திரை எதுக்குங்க?"

"அக்கா, மாத்திரை போட்டதாலதானுங்க எறங்கியிருக்கு. டாக்டரைக் கேக்காம நிறுத்தீராதீங்க."

கடைக்காரர் சொல்வது சரி. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அழுத்தம் இறங்குவது ஒன்று, அழுத்தத்தால் கெட்டுப்போன ரத்தக்குழாய் தேறுவது இன்னொன்று. இரண்டும் எப்போதும் சேர்ந்தே நடப்பதில்லை. இதை நமக்குக் காட்டிக்கொடுத்தவை பெரும்பாலும் எலிகள். கூடவே குதிரை, முயல், கோழி, பூனை எல்லாம் வருகின்றன.

●

உலகத்தில் முதன்முதலில் ரத்த அழுத்தம் அளக்கப்பட்டது மனிதனுக்கு அல்ல, ஒரு பெண் குதிரைக்கு. இங்கிலாந்தில் டெடிங்டன் ஊர்ப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் அதைக் கட்டிப்போட்டு, தொடைத் தமனிக்குள் பித்தளைக் குழாயைச் செருகி, அதில் உயரமான கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. 1733-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். இன்றைய கணக்குக்கு மாற்றினால் 190-ஐ ஒட்டி வரும். மயக்க மருந்து இல்லாத காலம், கட்டிப்போட்ட குதிரை. அழுத்தம் எகிறாமல் என்ன செய்யும்!

●

சர்ப்பகந்தா வேர் நம் நாட்டு வைத்தியத்தில் பழைய சரக்கு. அதை நவீன மருத்துவத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனவர் பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல். ரத்தக்கொதிப்பு நோயாளிகளுக்கு இந்த வேரைக் கொடுத்துக் கண்டதை 1949-ல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் எழுதினார். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் வேரிலிருந்து ரிசர்ப்பின் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். ரத்தக்கொதிப்புக்கு மருந்து சாப்பிட்டால் உயிர் பிழைக்கலாம் என்று முதலில் நிரூபித்த அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனை ஆய்வில் (1967) கொடுக்கப்பட்ட மூன்று மருந்துகளில் ரிசர்ப்பின் ஒன்று.

இதைவிட ருசியான செய்தி, அதே ரிசர்ப்பினை அமெரிக்காவில் வான்கோழித் தீவனத்தில் கலந்தார்கள் என்பது. கறிக்காக வேகமாக வளர்க்கும் வான்கோழிக்கு ரத்த அழுத்தம் மிக அதிகம். நன்றாகத் தின்றுகொண்டிருக்கும் பறவை, பெருந்தமனி வெடித்து நின்ற இடத்திலேயே விழும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. நம் ஊர் வேர், அவர்கள் ஊர்க் கோழி.

●

ரத்தக்குழாய் வெறும் குழாய் என்றுதான் 1970-களின் கடைசி வரை பலரும் நினைத்திருந்தார்கள். நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் பல ஆண்டுகளாக முயலின் பெருந்தமனியைப் பட்டையாகச் சீவி அசிட்டைல்கோலின் என்ற பொருளை விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அது சுருங்கியது. 1978-ல் உதவியாளர் செய்முறையைச் சற்று மாற்றிச் செய்துவிட, வளையமாக நறுக்கிய தமனி சுருங்குவதற்குப் பதிலாகத் தளர்ந்தது. காரணத்தைத் துருவிப் போனதில் கிடைத்த விடை எளிமையானது. பட்டை சீவும்போது குழாயின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக ஒட்டியிருக்கும் செல்கள் தேய்ந்து போய்விடுகின்றன. வளையத்தில் அவை மிச்சம் இருக்கின்றன. குழாயைத் தளரச் சொல்லும் கட்டளை அந்த மெல்லிய படலத்திலிருந்துதான் வருகிறது.

1980-ல் இது வெளியானது. கட்டளையைக் கொண்டுபோகும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது பின்னால் தெரிந்தது. 1998-ல் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் நோபல் பரிசு.

●

இந்தச் சோதனையைக் கிட்டத்தில் பார்த்தால் ஒரு தையல் யூனிட்டின் நுணுக்கம் தெரியும். எலியின் பெருந்தமனியை எடுத்து, ஒட்டியிருக்கும் கொழுப்பைக் கத்தரி முனையால் நீக்கி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகல வளையங்களாக நறுக்குகிறார்கள். வளையத்துக்குள் இரண்டு மெல்லிய கம்பிக் கொக்கிகள். ஒன்று அடியில் அசையாமல் நிற்கும், மற்றொன்று இழுவிசையை அளக்கும் கருவியோடு பிணைந்திருக்கும். 37 டிகிரி வெப்பத்தில் உப்பும் குளுக்கோசும் கலந்த கரைசல், அதில் ஆக்சிஜன் குமிழிகள். உடலை விட்டுப் பிரிந்த அந்த வளையம் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

முதலில் ஃபீனைல்எஃப்ரின் விட்டுச் சுருங்கவைப்பார்கள், திரையில் கோடு ஏறும். அடுத்து அசிட்டைல்கோலின் சொட்டுச் சொட்டாக. உட்படலம் நலமாக இருந்தால் கோடு படிப்படியாக இறங்கும், கெட்டிருந்தால் பாதியில் நின்றுவிடும். "மருந்து ரத்தக்குழாயைச் சீராக்கியது" என்று செய்தித்தாளில் ஒரு வரி வந்தால், அதன் பின்னால் பெரும்பாலும் இந்தக் கோடுதான் இருக்கும்.

●

பிறவியிலேயே ரத்தக்கொதிப்புள்ள எலி வம்சம் ஒன்று உண்டு. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஒகமோட்டோ, அயோக்கி இருவரும் அழுத்தம் சற்று அதிகமாயிருந்த எலிகளையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து 1963-ல் உருவாக்கியது. உப்புக் கூட்ட வேண்டாம், சிறுநீரகத்தைத் தொட வேண்டாம். சில வார வயதிலேயே அழுத்தம் ஏறத் தொடங்கி, வளர்ந்ததும் 180-ஐத் தாண்டும். வாலில் குட்டிப் பட்டை சுற்றி அளப்பார்கள்.

1986-ல் லூஷர், வான்ஹூட் இருவரும் இந்த எலியின் தமனியில் ஒரு விநோதத்தைக் கண்டார்கள். தளர்த்த வேண்டிய அசிட்டைல்கோலினுக்கு இதன் உட்படலம் சுருக்கும் பொருளையும் சேர்த்து வெளிவிடுகிறது. ரத்தக்கொதிப்பு முற்றிய குழாய் சொன்ன வேலையைச் செய்யாமல் இருப்பதோடு நிற்கவில்லை, நேர் எதிராகவும் செய்கிறது.

இன்னொன்று: இந்த வம்சத்தில் ஆண் எலிக்குத்தான் அழுத்தம் கூடுதல். ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் ஆண் எலிகளையே எடுத்தார்கள். செக்கிங், கைமடி, பேக்கிங் என்று பனியன் கம்பெனியில் நிற்பவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று நமக்குத் தெரியும். அவர்களும் போடும் மாத்திரையின் அடிப்படை அறிவு இப்படி ஆண் எலிகளிடமிருந்து வந்தது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

●

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு துணுக்கைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அமெரிக்காவின் அட்லாண்டாவில் சஞ்சய் ராஜகோபாலனும் சக ஆய்வாளர்களும் 1996-ல் வெளியிட்ட சோதனை. ஒரு கூட்டம் எலிகளுக்கு ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனைச் செலுத்தினார்கள். இன்னொரு கூட்டத்துக்கு நார்எபினெஃப்ரின் என்ற வேறொரு ஹார்மோன். இரண்டு கூட்டத்துக்கும் அழுத்தம் ஏறியது. அழுத்தம் மட்டுமே குற்றவாளி என்றால் இரண்டு கூட்டத்தின் குழாய்களும் ஒரே மாதிரி கெட்டிருக்க வேண்டும். கெடவில்லை. ஆஞ்சியோடென்சின் வாங்கிய எலிகளின் குழாய்ச் சுவரில் மட்டும் சூப்பராக்சைடு என்ற வினை வெறிகொண்ட ஆக்சிஜன் வடிவம் பெருகியிருந்தது. அது நைட்ரிக் ஆக்சைடைக் கண்ட இடத்தில் அழித்துவிடும். அதனால் அந்தக் குழாய்களால்தான் சரியாகத் தளர முடியவில்லை. ஆஞ்சியோடென்சினின் வேலையைத் தடுக்கும் லோசார்டன் மருந்தைக் கொடுத்தபோது சூப்பராக்சைடு அடங்கியது.

அளவுகோலில் ஒரே எண் காட்டும் இரண்டு உடல்களுக்குள் இரண்டு வேறு கதைகள் ஓடலாம். எந்த மாத்திரையால் எண் இறங்கியது என்ற கேள்விக்கு அர்த்தம் வருவது இதனால்தான்.

●

ஆஞ்சியோடென்சினை உடல் தயாரிக்கவிடாமல் தடுக்கும் மாத்திரைகளின் மூலம் ஒரு பாம்பு. பிரேசிலின் ஜராராக்கா விரியன். அதன் நஞ்சில் இருந்த பொருளை செர்ஜியோ ஃபெரைரா 1960-களில் பிரித்தார். அமெரிக்காவில் ஸ்குவிப் நிறுவனத்தின் குஷ்மனும் ஒண்டெட்டியும் அதை முன்மாதிரியாக வைத்து வாயால் விழுங்கக்கூடிய கேப்டோப்ரிலை உருவாக்கினார்கள். 1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று மருந்துச் சீட்டில் எனலாப்ரில், ராமிப்ரில் என்று "ப்ரில்" முடிவில் வருபவை எல்லாம் அந்தக் குடும்பம்.

இந்த ராமிப்ரிலை வைத்து ஜெர்மானியர்கள் செய்த ஒரு நீண்ட சோதனை 1997-ல் வந்தது. பக்கவாதம் எளிதில் தாக்கும் ரத்தக்கொதிப்பு எலிகளுக்கு ஆயுள் முழுக்க மருந்து. மருந்தில்லாத எலிகள் ஏறக்குறைய 15 மாதம் வாழ்ந்தன. முழு அளவு வாங்கியவை 30 மாதம். ரத்தக்கொதிப்பே இல்லாத எலியின் ஆயுள் அது. அழுத்தத்தைக் குறைக்கக்கூடப் போதாத சிறு அளவு வாங்கிய எலிகளும் 18 மாதம் இருந்தன. எண் இறங்காமலே குழாய்க்கும் இதயத்துக்கும் ஏதோ நன்மை கிடைத்திருக்கிறது.

●

மனிதர்களிலும் இதைப் பார்க்க முடியுமா? கனடாவின் மான்ட்ரியாலில் எர்னஸ்டோ ஷிஃப்ரின் குழு 1990-களில் பார்த்தது. நோயாளிகளின் பிட்டத்துத் தோலுக்கடியிலிருந்து மெல்லிய தமனித் துண்டுகளை எடுத்து அளந்தார்கள். ஒரு சாராருக்கு சிலாசாப்ரில், மற்றவர்களுக்கு வேறு வகை பிரஷர் மாத்திரையான அட்டினோலால். இரு சாராருக்கும் அழுத்தம் நன்றாக இறங்கியது. தடித்துப்போன குழாய்ச் சுவர் பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கியது சிலாசாப்ரில் சாப்பிட்டவர்களுக்கு மட்டுமே.

நாள்பட்ட அழுத்தத்தில் ஒரு தமனிக்கு நேர்வதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமானால் பனியன் ஜட்டியின் எலாஸ்டிக் போதும். புதிதில் இழுத்தால் இழுபட்டுத் திரும்பும். நைந்துவிட்டால் இழுப்பும் இல்லை, திரும்பலும் இல்லை.

●

எலிக்குப் பலித்தது எல்லாம் நமக்குப் பலிக்காது. ஆஸ்திரேலியாவில் ஹாராப் குழுவினர் 1990-ல் இளம் ரத்தக்கொதிப்பு எலிகளுக்கு நான்கே வாரம் பெரிண்டோப்ரில் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகும் நெடுநாள் அழுத்தம் தாழ்வாகவே இருந்தது. "சின்ன வயதில் கொஞ்ச நாள் கொடுத்தால் நோயையே தடுத்துவிடலாமே!" என்று ஆசை வந்தது. அமெரிக்காவில் ரத்தக்கொதிப்பின் விளிம்பில் இருந்தவர்களுக்கு இரண்டு ஆண்டு லோசார்டன் வகையைச் சேர்ந்த கேண்டசார்டன் கொடுத்து, அடுத்த இரண்டு ஆண்டு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. நான்காம் ஆண்டு இறுதியில் மருந்து சாப்பிட்டவர்களில் 53 சதவீதம் பேருக்கும், முதலிலிருந்தே வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 63 சதவீதம் பேருக்கும் ரத்தக்கொதிப்பு வந்திருந்தது. பலன் இருந்தது. எலியில் பார்த்த அதிசயம் இல்லை.

●

பல்லடம், உடுமலை வட்டாரத்தில் கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்குக் கோழி வயிற்றில் நீர் கோர்ப்பது தெரியும். அது வெறும் வயிற்றுக் கோளாறு அல்ல, நுரையீரல் தமனியில் வரும் ரத்தக்கொதிப்பு. சில வாரத்தில் எடை ஏற வேண்டும் என்று வளர்க்கிற கோழிக்கு ஆக்சிஜன் தேவை எக்கச்சக்கம், நுரையீரலோ அதே சின்ன நுரையீரல். ரத்தம் அழுத்திப் பாய்ந்து, வலப்பக்க இதயம் வீங்கி, கடைசியில் நீர் வயிற்றில் இறங்குகிறது.

இதில் நைட்ரிக் ஆக்சைடும் வருகிறது. அதற்கு மூலப்பொருள் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம். கோழியின் உடலால் அதைத் தானே தயாரித்துக்கொள்ள முடியாது, தீவனத்திலிருந்துதான் வர வேண்டும். தீவனத்தில் ஆர்ஜினைனைக் கூட்டியபோது இந்த நோய் குறைந்ததை அமெரிக்காவின் வைட்மேன் குழு 1995-ல் காட்டியது. மாத்திரை இல்லாமல் தீவனத்தாலேயே ரத்தக்குழாய்க்கு வைத்தியம்.

●

வயதான பூனைக்கும் பிரஷர் வரும், குறிப்பாகச் சிறுநீரகம் கெட்டிருந்தால். திடீரென்று சுவரில் முட்டிக்கொள்ளும், கண்மணி விரிந்தே இருக்கும். விழித்திரை பிய்ந்துவிட்டது என்று அர்த்தம். கால்நடை மருத்துவர்கள் முதலில் எடுப்பது நாம் சாப்பிடும் அதே அம்லோடிபின்தான், அளவு மட்டும் மிகச் சிறியது. டெல்மிசார்டனைப் பூனைகளுக்கென்றே திரவமாகத் தயாரித்து 2018-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். உடுமலைப்பேட்டையில் இப்போது கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பூனைக்குக் கண் தெரியவில்லை என்று பட்டால் நாள் கடத்த வேண்டாம். உங்கள் மாத்திரையை உடைத்துக் கொடுக்கவும் வேண்டாம்.

கூடவே ஓர் எச்சரிக்கை. தலைமுடி வளரத் தேய்க்கும் மினாக்சிடில் முதலில் ரத்தக்கொதிப்பு மாத்திரையாக வந்த மருந்து. முடி வளர்ந்தது பக்கவிளைவு. தலையணையில் ஒட்டியதைப் பூனை நக்கினால் உயிருக்கே ஆபத்து.

●

ஒட்டகச்சிவிங்கிக்கு இயல்பான ரத்த அழுத்தமே நம்மைப் போல் இரு மடங்கு. அதன் ஒரு மரபணுவின் வடிவத்தைச் சுண்டெலிகளில் புகுத்தி ஆஞ்சியோடென்சின் செலுத்தியபோது, அந்தச் சுண்டெலிகளுக்கு அழுத்தம் ஏறவில்லை. 2021-ல் வந்த செய்தி.

●

மாத்திரையைவிடத் தறிக்காரர்களுக்கு நெருக்கமான ஒரு சுண்டெலிச் சோதனை உண்டு. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் தாமஸ் முன்ட்செல் குழு சுண்டெலிக் கூண்டுக்கு மேல் விமான இரைச்சலை நான்கு நாள் ஒலிபரப்பியது. சராசரி 72 டெசிபல், உச்சம் 85. நான்கே நாளில் அழுத்தம் ஏறி, தமனி வளையங்களின் தளர்ச்சி குறைந்தது. உள்ளே வேலை செய்தது அதே சூப்பராக்சைடு. பின்னால் வந்த ஆய்வில், சுண்டெலி தூங்கும் நேரத்து இரைச்சல்தான் விழித்திருக்கும் நேரத்து இரைச்சலைவிட அதிகக் கெடுதல் செய்தது தெரிந்தது.

விசைத்தறிக் கூடத்தில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, பக்கத்துத் தறி ஓடும் சுவருக்கு இந்தப் பக்கம் பகலில் தூங்குகிறவரை நினைத்துப் பாருங்கள். சுண்டெலிக்கு நடந்தது அப்படியே மனிதனுக்கு நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காதடைப்பானைக் காதுக்கு மட்டுமான காப்பு என்று நினைத்து ஒதுக்க வேண்டாம்.

●

தமிழ்நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையினர் எலிகளுக்கு எல்-நேம் என்ற பொருளைக் கொடுத்து நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியை முடக்கி, அழுத்தத்தை ஏற்றி, தாவரங்களில் உள்ள சேர்மங்களைச் சோதித்திருக்கிறார்கள். வெராட்ரிக் அமிலம் பற்றிய 2011 ஆய்வு அதில் ஒன்று. நிஃபெடிபின் மாத்திரை சாப்பிடும் நோயாளிகளுக்குப் பல சமையல் எண்ணெய்களைக் கொடுத்து ஒப்பிட்டு, நல்லெண்ணெயால் அழுத்தம் மேலும் குறைந்ததாகவும் அங்கிருந்தே 2005-ல் எழுதினார்கள். இங்கே பலரும் தாண்டிப் போய்விடும் செய்தி, மாத்திரையோடு சேர்த்து என்பது. மாத்திரைக்குப் பதிலாகச் செக்கெண்ணெய் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம்.

இப்படி எலியைத் தொட வேண்டுமானால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இதற்கென மத்தியக் குழுவும் இருக்கிறது.

●

குழாய்க்கு நல்லது செய்யும் விலை உயர்ந்த மாத்திரைதான் வேண்டும் என்று இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் அடம்பிடிக்காதீர்கள். 33,357 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2002-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில், மிக மலிவான குளோர்தாலிடோன் என்ற பழைய நீர் மாத்திரை, புதியவையான அம்லோடிபினுக்கும் லிசினோப்ரிலுக்கும் சளைக்காமல் மாரடைப்பைத் தடுத்தது. ஆய்வகத்து வளையத்தில் அழகாகத் தளர்வதைவிட, ஆள் பிழைக்கிறாரா என்பதே பெரிய சோதனை. என்னைக் கேட்டால், தொடர்ந்து வாங்க முடிகிற மாத்திரையே நல்ல மாத்திரை.

●

அம்லோடிபின் சாப்பிட்டால் சிலருக்குக் கணுக்கால் வீங்குவது, அது சிறு தமனிகளை விரிக்கும் அளவுக்குச் சிரைகளை விரிக்காததால். ஒன்றரை ஷிஃப்ட் நின்றபடி வேலை செய்கிறவர்களுக்கு வீக்கம் இன்னும் தெரியும். "ப்ரில்" மாத்திரையில் வரும் வறட்டு இருமல், பிராடிகைனின் என்ற பொருள் உடலில் தேங்குவதால். குழாயைத் தளர்த்த உதவுவதும் அதே பிராடிகைனின்தான். இரண்டுக்கும் மாற்று மருந்து இருக்கிறது. வீக்கம், இருமல் என்று சொன்னால் டாக்டர் மாற்றித் தருவார். சொல்லாமல் நிறுத்தினால் பிரஷர் பழைய இடத்துக்கே ஏறும்.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். அவர்கள் வரும் பகல் நேரத்தில் கம்பெனிக்குப் போயிருப்பவர்கள், வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவைத்து வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது வயது தாண்டி இதுவரை ஒரு தடவைகூடப் பிரஷர் பார்க்காதவர்கள், இந்த ஞாயிறு லீவு முடிவதற்குள் எங்காவது ஒரு முறை பார்த்துவிடுங்கள்.